பொதுத்தேர்வு யாரை அளக்கிறது?

கல்வியைப் பற்றி நம்மிடையே எழும் பூசல்கள் பெரும்பாலும் பாடநூலைப் பற்றியவை. எந்தத் தலைவரின் வரலாறு நீக்கப்பட்டது, எந்தக் கவிஞரின் கவிதை சேர்க்கப்பட்டது என்று ஒவ்வோர் ஆட்சி மாற்றத்தின்போதும் அறிக்கைகள் பறக்கின்றன. இலக்கியம் பேசுகிற நாமும் இதில் சளைத்தவர்கள் அல்லர். நமக்கு உவப்பான எழுத்தாளரின் சிறுகதை பதினோராம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இடம்பெற்றால் மகிழ்கிறோம். இடம்பெறாவிட்டால் கண்டனக் கூட்டம் கூட்டுகிறோம். ஆனால் அந்தச் சிறுகதையிலிருந்து என்ன வினா கேட்கப்படும், அதற்கு எத்தனை மதிப்பெண், விடைக்குறிப்பில் என்ன எழுதியிருக்கும் என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை. வகுப்பறையில் அந்தக் கதையின் தலையெழுத்தை முடிவு செய்பவை இந்த மூன்றுமே.

நாம் சொல்ல வருவது இதுதான். தமிழ்நாட்டில் அரசு பள்ளிக் கல்வியை ஆள்வது பொதுத்தேர்வின் வழியாக. பாடத்திட்டமும் பாடநூலும் அதற்குப் பின்னே வருபவை. மாணவர் என்ன கற்றார் என்று அறிவதற்காக ஏற்பட்டதாகச் சொல்லப்படும் தேர்வு, ஆசிரியரையும் பள்ளியையும் தொலைவில் இருந்தபடியே மேய்ப்பதற்கான கோலாகிவிட்டது. இரண்டு வேலைகளையும் ஒரே தேர்வின் தலையில் ஏற்றியதால் இரண்டுமே கெட்டன. கெட்டதன் சுமையைச் சுமப்பவர்கள் பதினைந்து, பதினேழு வயதுப் பிள்ளைகள்.

சான்று தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. மேல்நிலைக் கல்வி இங்கே 1978இல் தொடங்கியது. முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980இல் நடந்தது. பதினோராம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கிடையாது. காலப்போக்கில் விளைந்தது என்ன? மதிப்பெண்ணுக்குப் பெயர்பெற்ற தனியார் பள்ளிகள் பலவற்றில் பதினோராம் வகுப்புப் பாடம் என்று ஒன்று இல்லாமலே போயிற்று. சேர்ந்த சில மாதங்களிலேயே பன்னிரண்டாம் வகுப்பு நூலைக் கையில் கொடுத்து, அந்த ஒரு நூலையே ஈராண்டு உருப்போட வைத்தார்கள். இது மறைவில் நடந்த குற்றமன்று. பெற்றோர் அறிவர், கல்வி அலுவலர் அறிவர், பொறியியல் கல்லூரியின் முதற்பருவத்தில் கணக்கில் தடுமாறிய பிள்ளைகளைக் கண்ட பேராசிரியர்களும் அறிவர். பாடத்திட்டத்தை வகுத்தது அரசு. நூலை அச்சிட்டது அரசு. பள்ளிக்கு ஏற்பளித்ததும் அரசு. இத்தனை அதிகாரம் கையில் இருந்தும், ஒரு வகுப்பின் பாடத்தை அந்த வகுப்பில் நடத்தச் செய்ய அரசால் இயலவில்லை. முடிவில் அது கண்ட வழி, 2017–18 கல்வியாண்டு முதல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்பது.

அந்த முடிவை அன்று பலர் வரவேற்றார்கள். அதிலிருந்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் கவனித்தவர் சிலரே. தேர்வு வைக்காத எதையும் தன்னால் கற்பிக்கச் செய்ய இயலாது என்று அரசே கையெழுத்திட்டுக் கொடுத்தது போன்றது அந்த ஆணை. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பிள்ளைகள் பொதுத்தேர்வு எழுதினார்கள். பின்னர் 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையில், பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு கைவிடப்படுவதாக அறிவிப்பு வந்தது. பிள்ளைகளின் சுமை குறைந்தது, மகிழ்ச்சி. ஆனால் 2017இல் எந்த நோய்க்கு அந்தத் தேர்வு மருந்து என்று சொல்லப்பட்டதோ, அந்த நோய் தீர்ந்துவிட்டதா? தேர்வைக் கொண்டுவந்தபோதும் அதை எடுத்தபோதும் ஒரு கேள்வி மட்டும் எழவே இல்லை. பதினோராம் வகுப்பு ஆசிரியர் தம் பாடத்தைத் தாமே நடத்தவும் தாமே மதிப்பிடவும் தக்கவர் என்று அரசு எப்போது நம்பப் போகிறது?

நம்பாமைதான் இங்கே ஆட்சிமுறை. அதன் நாணயத்துக்குப் பெயர் தேர்ச்சி விழுக்காடு. முடிவு வெளியாகும் நாளில் மாவட்டவாரியாகத் தேர்ச்சி விழுக்காட்டு வரிசை வெளியாகிறது. எந்த மாவட்டம் முதலிடம், எது கடைசி என்பது மறுநாள் நாளிதழில் தலைப்பு. கடைசியில் நின்ற மாவட்டத்தின் முதன்மைக் கல்வி அலுவலர் தலைமையாசிரியர்களைக் கூட்டி விளக்கம் கேட்கிறார். தலைமையாசிரியர் பாட ஆசிரியரைக் கேட்கிறார். பாட ஆசிரியர் யாரைக் கேட்பார்? வகுப்பில் பின்வரிசையில் இருக்கும் பிள்ளையைக் கேட்கிறார். அந்தப் பிள்ளைக்கு ‘மெல்லக் கற்போர்’ என்று பெயர் சூட்டி, குறைந்தபட்சக் கற்றல் கையேடு ஒன்றைக் கொடுத்து, தேறுவதற்குப் போதுமான பத்துப் பன்னிரண்டு விடைகளைக் காலையிலும் மாலையிலும் ஒப்பிக்கச் செய்கிறார். காலாண்டு, அரையாண்டு, முதல் திருப்புதல், இரண்டாம் திருப்புதல் என்று ஆண்டு முழுவதும் தேர்வே நடக்கிறது. பாடம் அவற்றின் இடுக்கில் நடக்கிறது. இதைவிடக் கொடியது, ஒன்பதாம் வகுப்பிலேயே சில பிள்ளைகளை மாற்றுச் சான்றிதழ் கொடுத்து வெளியே அனுப்பி, தனித்தேர்வராக்கி, பள்ளியின் விழுக்காட்டைக் காப்பாற்றிக்கொள்ளும் தந்திரம். நூறு விழுக்காட்டுத் தேர்ச்சி என்று பள்ளி வாசலில் தொங்கும் பதாகையில் அந்தப் பிள்ளைகள் கணக்கில் இல்லை.

2025இல் பிளஸ் டூ தேர்ச்சி 95.03 விழுக்காடு. இந்த எண் உயர்ந்தால் கல்வி உயர்ந்தது என்று அரசு சொல்கிறது. உயர உயரத் தரம் தாழ்ந்தது என்று எதிர்த்தரப்பு சொல்கிறது. இருவருமே இந்த எண் கல்வியைக் காட்டுகிறது என்று நம்புகிறார்கள். இது காட்டுவது ஒன்றை மட்டுமே: வினாத்தாளின் வடிவத்துக்குப் பள்ளிகள் எந்த அளவுக்கு வளைந்து பழகிவிட்டன என்பதை.

இந்தப் பழக்கம் நேற்று வந்ததன்று. நம் நவீன உயர்கல்வியே தேர்விலிருந்து பிறந்தது. 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகம், லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு, கற்பிக்கும் நிறுவனமாகத் தொடங்காமல் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் நிறுவனமாகத் தொடங்கியது. அதன் வாசலில் வைத்த மெட்ரிகுலேஷன் தேர்வே உயர்நிலைப் பள்ளிகள் என்ன கற்பிக்க வேண்டும் என்பதை வரையறுத்தது. பல்கலைக்கழகத்தில் வகுப்பறை வருவதற்கு நெடுநாள் முன்பே தேர்வறை வந்துவிட்டது.

பள்ளிகளின் கதை இன்னும் துலக்கமானது. இங்கிலாந்தில் 1862இல் ராபர்ட் லோ என்பவர் ‘முடிவுக்கேற்ற ஊதியம்’ என்ற விதியைக் கொண்டுவந்தார். ஆய்வாளர் பள்ளிக்கு வருவார். பிள்ளைகளைப் படிக்கவும் எழுதவும் கணக்குப் போடவும் சொல்வார். தேறிய தலைகளை எண்ணிப் பள்ளிக்கு மானியம் வழங்கப்படும். அப்போது பள்ளி ஆய்வாளர்களுள் ஒருவராகப் பணிபுரிந்தவர் கவிஞரும் திறனாய்வாளருமான மேத்யூ ஆர்னால்டு. அரசு ஊழியராக இருந்துகொண்டே அவர் அந்த விதியை அச்சில் எதிர்த்தார். கற்பித்தல் எந்திரத்தனமாகிவிட்டது, பிள்ளைகளின் அறிவு சுருங்கிவிட்டது என்று தம் ஆய்வறிக்கைகளில் திரும்பத் திரும்ப எழுதினார். இலக்கியத் திறனாய்வின் தந்தையருள் ஒருவராக ஆர்னால்டை நம் கல்லூரிகளில் பாடமாக வைத்திருக்கிறோம். ஆய்வாளர் ஆர்னால்டை மறந்துவிட்டோம். அதே முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னை மாகாணத்துக்கும் கப்பலேறி வந்தது. இங்கேயும் பிள்ளைகளின் தேர்ச்சியை எண்ணித்தான் பள்ளிகளுக்கு மானியம் அளந்தார்கள். இங்கிலாந்து அந்நூற்றாண்டு முடிவதற்குள் அதைக் கைவிட்டது. நாமும் பெயரளவில் கைவிட்டோம்; மானியத்தின் இடத்தில் மாவட்ட வரிசையை வைத்துக்கொண்டோம்.

மாற்று வழி காட்டியவர் நம்மிடையே இல்லாமலில்லை. மெட்ரிகுலேஷன் தேர்வின் கேடுகளைக் கண்டபின் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு வந்த எஸ்.எஸ்.எல்.சி. முறை, பொதுத்தேர்வு மதிப்பெண்ணோடு பள்ளியின் பதிவுகளுக்கும் ஒரே சான்றேட்டில் இடமளித்தது. விடுதலைக்குப்பின் 1952இல் நடுவணரசு அமைத்த இடைநிலைக் கல்விக் குழுவின் தலைவர், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருந்த ஆற்காடு இலட்சுமணசாமி முதலியார். வெளித்தேர்வுகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், பள்ளியில் பேணப்படும் பதிவுகளுக்கும் ஆசிரியரின் மதிப்பீட்டுக்கும் உரிய மதிப்பு அளிக்க வேண்டும் என்று அக்குழு 1953இல் பரிந்துரைத்தது. எழுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. இன்று பிளஸ் டூவில் அகமதிப்பீட்டுக்கு ஒரு பாடத்துக்குப் பத்து மதிப்பெண். அந்தப் பத்தும் பெரும்பாலும் அப்படியே முழுதாக வழங்கப்படுவதை நாம் அறிவோம். வேறுபடுத்திக் காட்டாத மதிப்பீடு மதிப்பீடே அன்று. அரசு ஆசிரியரை நம்பவில்லை. நம்பாத அரசுக்கு ஆசிரியர் தரும் மறுமொழி அந்த முழுப் பத்து.

இதன் உச்சத்தை 2021இல் கண்டோம். பெருந்தொற்றால் பிளஸ் டூ பொதுத்தேர்வு நடக்கவில்லை. மதிப்பெண் எப்படி வழங்குவது? பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்விலிருந்து 50 விழுக்காடு, பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்விலிருந்து 20 விழுக்காடு, பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் 30 விழுக்காடு என்று அரசு வகுத்தது. நெருக்கடியில் வேறு வழி எளிதில் இல்லை என்பது உண்மையே. ஆயினும் அந்த வாய்பாட்டைக் கூர்ந்து பார்க்க வேண்டும். அந்த ஆண்டு மாணவரோடு உடனிருந்த ஆசிரியரின் கணிப்பைவிட, ஈராண்டுக்கு முன் அந்தப் பிள்ளை எழுதிய வேறொரு வகுப்பின் தேர்வு நம்பகமானது என்று அது சொல்கிறது. தேர்வு நடக்காதபோதும் தேர்வின் ஆவியைத்தான் அரசு கூப்பிட்டுக் குறி கேட்டது.

மதிப்பெண் நிலத்தில் விளைவதன்று, அரசு செய்வது. இதை நம்மைவிட நன்கறிந்தவர்கள் ஈழத்தமிழர்கள். 1970களின் தொடக்கத்தில் இலங்கை அரசு தரப்படுத்தலைக் கொண்டுவந்தபோது, மருத்துவப் படிப்புக்குத் தமிழ்வழியில் எழுதியவருக்கு 250 மதிப்பெண் வேண்டியிருந்தது. சிங்களவழியில் எழுதியவருக்கு 229 போதுமானதாயிருந்தது. எழுதிய மொழியைக் கொண்டு மதிப்பெண்ணின் மதிப்பு மாறியது. அந்தக் கசப்பு ஒரு தலைமுறையின் அரசியலையே திசைதிருப்பியது. தமிழ்நாட்டில் நடப்பது அதுவன்று. இரண்டையும் ஒப்பிடுவது அநீதி. ஆயினும் மதிப்பெண் என்பது அறிவின் நேர் அளவை என்று நம்புவோர், அதைக் கூட்டவும் குறைக்கவும் சமன்செய்யவும் எந்த அரசுக்கும் எப்போதும் கை இருந்திருக்கிறது என்பதை மறக்கலாகாது. முற்காலத்தில் குலப்பெருமைச் சான்று செய்த வேலையை இக்காலத்தில் கல்விச் சான்றிதழ் செய்கிறது என்று மாக்ஸ் வேபர் நூறாண்டுக்கு முன்பே கண்டு சொன்னார். வீட்டில் கிடைத்த பண்பாட்டு முதலைப் பள்ளி தகுதி என்று பெயர்மாற்றி முத்திரை குத்தித் தருகிறது என்று பிரெஞ்சுச் சமூகவியலாளர் பூர்தியு 1960களிலிருந்து விரித்துரைத்தார். இவை வெறும் மேலைக் கோட்பாடுகள் என்று ஒதுக்குவோர், தம் தெருவில் யார் வீட்டுப் பிள்ளைக்கு ‘சென்டம்’ விழுகிறது என்று எண்ணிப் பார்க்கட்டும்.

இனி நம் வீட்டுச் செய்திக்கு வருவோம். தமிழ் கற்பிக்கிறவர்கள் என்ற முறையில் நமக்குத் தெரிந்த களம் தமிழ்த்தாள். கவிதையைப் படித்து நயம் பாராட்டுக என்று ஒரு வினா உண்டு. முன்பின் பார்த்திராத கவிதையை ஒரு பிள்ளை தானே படித்து, தனக்குத் தோன்றியதைச் சொல்ல வேண்டும் என்பது அதன் நோக்கம். தமிழ்த்தாளில் இதைவிட நல்ல வினா ஒன்றை நம்மால் எண்ணிப்பார்க்க முடியவில்லை. அதற்கு நேர்ந்த கதி என்ன? மையக்கருத்து, எதுகை, மோனை, இயைபு, அணி, சுவை என்று ஆறு தலைப்பு. மோனைக்கு ஒரு சொலவடை, எதுகைக்கு ஒரு சொலவடை, முடிவுரைக்கு ஒரு வாய்பாடு. எந்தக் கவிதையைக் கொடுத்தாலும் அதே வார்ப்பில் ஊற்றி எடுத்துவிடலாம். கவிதையைப் படிக்காமலே முழு மதிப்பெண் பெறலாம். படித்து, மோனையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், அந்தக் கவிதை தன்னை ஏன் கலங்கச் செய்தது என்று எழுதிய பிள்ளைக்குக் குறையலாம். விடைத்தாள் திருத்தும் முகாமில் கட்டுக் கட்டாகத் தாள்களுக்கு நடுவே அமர்ந்திருக்கும் ஆசிரியரைக் குறைசொல்லிப் பயனில்லை. அவர் கையில் விடைக்குறிப்பு இருக்கிறது. மறுகூட்டலும் மறுமதிப்பீடும் பின்னே காத்திருக்கின்றன. குறிப்பில் உள்ள சொல் தாளில் இருக்கிறதா என்று பார்ப்பதே அவருக்குப் பாதுகாப்பு.

இப்படி வந்த பிள்ளைகள்தாம் நம் கல்லூரிகளில் இளங்கலைத் தமிழ் முதலாண்டில் அமர்கிறார்கள். தமிழில் உயர்ந்த மதிப்பெண். திணை, துறை, கூற்று மூன்றும் மனப்பாடம். ஒரு குறுந்தொகைப் பாட்டைக் கொடுத்து, இதில் யார் யாரிடம் பேசுகிறார், ஏன் பேசுகிறார் என்று கேட்டால் மௌனம். அறியாமையால் வந்த மௌனமன்று அது. தவறாகச் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்ற அச்சம். பன்னிரண்டு ஆண்டுகளில் அவர்கள் கற்ற தலையாய பாடம், தன் மனத்தில் பட்டதைச் சொல்வது மதிப்பெண்ணுக்கு ஆபத்து என்பதே.

மனப்பாடம் நம் மரபுதானே, திண்ணைப் பள்ளியில் எண்சுவடியும் நிகண்டும் மனப்பாடம் செய்யவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. செய்தார்கள். ஆனால் ஆசிரியர்முன் ஒப்பித்தார்கள். பிழையை அவரே அன்றே திருத்தினார். மனத்தில் ஏறியது மறுநாள் கணக்குப் பார்க்கவும் பாட்டுக்குப் பொருள் காணவும் பயன்பட்டது. முகமறியாத ஒருவர் முன்கூட்டியே எழுதிவைத்த விடைக்கு ஒத்துவர வேண்டும் என்ற கட்டு அங்கே இல்லை. திண்ணையின் சாதிக் கதவை நாம் மறக்கவில்லை. அதற்குத் திரும்பச் சொல்லவும் இல்லை.

அந்தச் சாதிக் கதவுதான் நம் வாதத்துக்கு எதிரான வலுவான மறுப்பையும் தருகிறது. பொதுத்தேர்வு விடைத்தாளில் பெயர் இல்லை, ஊர் இல்லை, சாதி இல்லை. திருத்துபவருக்கு அந்தப் பிள்ளை யாரென்று தெரியாது. அந்த இருட்டுத்தான் ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைக்குப் பாதுகாப்பு. ஆசிரியர் கையில் மதிப்பெண்ணைக் கொடுத்தால் பழைய பாகுபாடுகள் எல்லாம் பேனா முனையில் வந்து உட்காரும் என்கிறார்கள். இதை நாம் முழுதும் ஏற்கிறோம். ஆகவே பொதுத்தேர்வை ஒழிக்கச் சொல்லும் கட்சியில் நாம் இல்லை. பள்ளிப் படிப்பின் முடிவில், பெயர் மறைத்த ஒரு வெளித்தேர்வு இருக்கட்டும்.

இன்னொரு மறுப்பு: நீட்டை எதிர்க்க வேண்டிய நேரத்தில் மாநிலத் தேர்வைக் குறைசொல்லலாமா என்பது. நுழைவுத்தேர்வை 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கிப் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே தொழிற்படிப்புக்குச் சேர்க்கை நடத்தியது தமிழ்நாடு. 2017இல் நீட் அதை மருத்துவப் படிப்பில் முறித்தது. மாநிலத்தின் உரிமை பறிபோனது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் நீட்டுக்கு முன்னும் மருத்துவக் கல்லூரிகளில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மிகச் சிலரே. அதனால்தான் 2020இல் அவர்களுக்கென 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு தனியே வேண்டியிருந்தது. ஒரே நூலை ஈராண்டு உருப்போட வைக்கும் பள்ளிக்கும் நீட் பயிற்சி மையத்துக்கும் தொழில் ஒன்றே. வினாத்தாள் மட்டுமே வேறு. கட்டுப்பாடு தில்லியிலிருந்து வந்தால் ஆதிக்கம், சென்னையிலிருந்து வந்தால் நிர்வாகம் என்று சொல்வதற்குத் தமிழ் படித்தவர்களாகிய நமக்கு நா எழவில்லை.

நாம் கேட்பது பெரிதன்று. மாணவரை அளக்கும் வேலையையும் பள்ளியை அளக்கும் வேலையையும் பிரித்துவிடுங்கள். பள்ளிகள் எப்படி நடக்கின்றன என்று அரசுக்குத் தெரிய வேண்டுமானால், சில பள்ளிகளில் சில பிள்ளைகளைக் கொண்டு பெயரில்லாமல் மாதிரி ஆய்வு நடத்தலாம். அத்தகைய அடைவுத்தேர்வுகள் கீழ்வகுப்புகளில் ஏற்கெனவே நடக்கின்றன. அதன் முடிவு எந்தப் பிள்ளையின் சான்றிதழிலும் ஏற வேண்டாம். எந்த ஆசிரியரின் விளக்கக் கடிதத்துக்கும் காரணமாக வேண்டாம். பொதுத்தேர்வு முடிவோடு மாவட்ட வரிசை வெளியிடுவதை நிறுத்தட்டும். 2017இல் மாணவர்களின் தரவரிசையை அறிவிப்பதை நிறுத்திய அரசுக்கு இது அரிய செயலன்று. பிள்ளைகளை வரிசைப்படுத்துவது கொடுமை என்று அன்று உணர்ந்தவர்கள், பள்ளிகளையும் மாவட்டங்களையும் வரிசைப்படுத்தினால் அந்த அடி சுற்றிவந்து அதே பிள்ளையின் முதுகில்தான் விழுகிறது என்பதையும் உணரட்டும். அகமதிப்பீடு இருக்குமானால், பள்ளிகளுக்கிடையே ஆசிரியர்கள் மாறி மாறிப் பார்த்து உறுதிசெய்யும் மெய்யான மதிப்பீடாக இருக்கட்டும். இல்லையேல் அந்தப் பத்து மதிப்பெண் நாடகத்தை நிறுத்தட்டும்.

ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்கும் பொதுத்தேர்வு என்று 2019இல் அறிவித்தபோது ஆசிரியரும் பெற்றோரும் கட்சிகளும் சேர்ந்து எதிர்த்தார்கள். 2020 பிப்ரவரியில் அரசு பின்வாங்கியது. பத்து வயதுப் பிள்ளைக்காக எழுந்த அந்தக் குரல் பதினேழு வயதுப் பிள்ளைக்காக ஏன் எழவில்லை? அடுத்த முறை பாடநூலில் ஒரு கவிதை நீக்கப்பட்டதென்று கண்டனம் எழுத அமரும் இலக்கிய அன்பர்களிடம் நாம் ஒன்று வேண்டுகிறோம். சென்ற ஆண்டுத் தமிழ் வினாத்தாளையும் அதன் விடைக்குறிப்பையும் அருகே வைத்துக்கொள்ளுங்கள். நீக்கப்படாத கவிதைகளுக்கு அங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள். அதைப் பார்த்தபின் எந்தக் கண்டனத்தை முதலில் எழுதுவது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.